முதல் பதினைந்து கிலோ எள்: செக்கெண்ணெய் ஆட்டக் கற்றுக்கொள்பவர்களுக்கு

மாசிப்பட்டத்து எள் அறுவடையாகி, வைகாசிக் கடைசியில் மூட்டை மூட்டையாக வரத் தொடங்கியதும் எங்கள் சேலத்துச் செக்குக்குப் புது ஆட்களும் வர ஆரம்பிப்பார்கள். மேச்சேரிப் பக்கம் இரண்டு ஏக்கர் எள் போட்டவர் ஒருவர், கம்பெனி வேலையை விட்டு ஊருக்கே திரும்பிவிட்டவர் ஒருவர், மகளிர் குழுவில் கடன் வாங்கி ஏதாவது தொழில் தொடங்கலாம் என்றிருக்கும் அக்கா ஒருவர். வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எந்த மெஷின் நல்லா இருக்குங்க?"

மெஷினைப் பற்றி நான் கடைசியில்தான் பேசுவேன். நல்லெண்ணெயில் இருக்கும் நல்லது எதுவும் செக்கில் உண்டாவதில்லை, எல்லாம் விதைக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கெடுக்காமல் வெளியே எடுத்து, கெடாமல் வைத்திருப்பதுதான் நம் வேலை. இத்தனை வருடத்தில் நான் பார்த்தவரை எண்ணெய் கெட்டுப்போவது செக்கில் அல்ல. ஒன்று, செக்குக்கு வருமுன் சரியாகக் காயாத சாக்கில் கெடுகிறது. இல்லையென்றால், செக்கை விட்டுப் போன பிறகு ஈரம் துடைக்காத பாட்டிலில் கெடுகிறது. ஆகவே இதில் ஆட்டுவதைவிடக் காயவைப்பதைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். சலிப்பில்லாமல் படியுங்கள், மொத்த விஷயமும் அங்கேதான் இருக்கிறது.

எதைக் காப்பாற்றப் போகிறோம்

எள் நெய் என்பதுதான் எண்ணெய் என்று ஆனது. எத்தனையோ விதைகளில் எண்ணெய் இருந்தும் தமிழில் பொதுப்பெயருக்கே எள் பெயர் கொடுத்திருக்கிறது. எள்ளின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான். அந்த எண்ணெயில் எண்பது சதவீதத்துக்கு மேல் ஒலிக், லினோலிக் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்கள். இதில் லினோலிக் அமிலம் காற்று பட்டால் சீக்கிரம் காறிப் போகக்கூடியது. கணக்குப்படி பார்த்தால் நல்லெண்ணெய் வேகமாகக் கெட வேண்டும். ஆனாலும் அது மற்ற சமையல் எண்ணெய்கள் பலவற்றைவிட நீண்ட நாள் நிற்கிறது. காரணம் அதில் இயற்கையாகவே இருக்கும், காறலைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடென்ட்கள்: செசாமின், செசாமோலின், இவற்றோடு வைட்டமின் ஈ வகையைச் சேர்ந்த காமா டோகோஃபெரால். சூடு படும்போது செசாமோலின் உடைந்து செசாமால் என்ற பொருளாகிறது. எண்ணெய் காறாமல் தடுப்பதில் அதற்கு வேகம் அதிகம்.

இந்தச் செசாமால் அமிலத்தோடும் ஃபர்ஃபுரால் என்ற வேதிப்பொருளோடும் சேர்ந்தால் சிவந்துவிடும். நெய்யில் வனஸ்பதி கலப்பதைக் கண்டுபிடிக்க இதையே நம் நாட்டில் பயன்படுத்தினார்கள். வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். கலப்பட நெய்யைச் சோதித்தால் அந்த நல்லெண்ணெயே நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். எண்ணெயைக் காக்கும் அதே பொருள் நெய்க்கும் காவல் நின்றிருக்கிறது.

இந்த ஆன்டிஆக்சிடென்ட்கள் முதலில் காப்பது எண்ணெயைத்தான். அந்த நோய் தீரும், இந்த நோய் ஓடும் என்று பாட்டிலில் ஒட்டாதீர்கள். நல்ல எண்ணெய் என்று சொன்னாலே போதும், அதுவே பெரிய பேச்சு.

எள் வாங்குவது

சேலத்தில் இருப்பவர்களுக்குச் செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் மண்டிகளில் எள் கிடைக்கும். விளைவித்தவரிடமே வாங்க முடிந்தால் இன்னும் நல்லது, எந்தப் பட்டத்து எள் என்று தெரிந்துவிடும். கறுப்பா, சிவப்பா, வெள்ளையா என்று குழம்ப வேண்டாம். மூன்றிலும் நல்ல எண்ணெய் வரும். நிறத்தைவிட அறுவடையான வருடம்தான் முக்கியம்.

ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேயுங்கள். கையில் சாம்பல் மாதிரி தூசி படிந்தால் பழைய சரக்கு, அல்லது பூச்சி தின்றது. நாலைந்து மணிகளைப் பல்லில் கடித்து மெதுவாக மெல்லுங்கள். புது எள் முதலில் லேசாகக் கசந்து பிறகு பால் மாதிரி இனிக்கும். கசப்பு நாக்கிலேயே தங்கி, தொண்டையில் காறல் தட்டினால் அந்த மூட்டை வேண்டாம். விதையிலேயே காறிவிட்ட எண்ணெயைச் செக்கு மாற்றித் தராது. விலை குறைவு என்பதற்காக அந்த மூட்டையை எடுக்காதீர்கள்.

முதல் முறைக்குப் பதினைந்து கிலோ போதும். சிறிய மோட்டார் செக்குக்கு அது ஒரு ஆட்டு, அதாவது ஒரு தடவைக்குப் போட்டு ஆட்டும் அளவு. உங்களிடம் செக்கு இல்லையென்றாலும் கூலிக்கு ஆட்டிக் கொடுக்கும் இடத்தில் பக்கத்திலேயே நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். மெஷின் வாங்குமுன் மூன்று முறையாவது அப்படி நின்று பாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

சுத்தம் செய்வது

எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை ஏன் காயுது என்று ஊரில் ஒருவரைக் குத்திப் பேசச் சொல்வார்கள். செக்குக்காரருக்கு அது வெறும் பேச்சில்லை. புழுக்கை உண்மையாகவே மூட்டையில் இருக்கும். முறத்தில் புடைத்தால் தூசியும் சருகும் போகும். இரண்டு சல்லடையில் சலித்தால் பெரிய கல்லும் பொடி மண்ணும் போகும். எள் அளவிலேயே இருக்கும் மணல்தான் போகாது. அது செக்கின் மரத்தைத் தேய்க்கும், எண்ணெயில் கசடாக இறங்கும், புண்ணாக்கில் சேர்ந்து மாட்டின் வயிற்றுக்கும் போகும்.

அதற்கு அரிசி அரிப்பது போல எள்ளை அரிக்க வேண்டும். விடிகாலையில், வெயில் ஏறுமுன் இந்த வேலையை முடித்துவிடுங்கள். அகன்ற பாத்திரத்தில் இரண்டு மூன்று கிலோவாகப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மிதந்து வரும் எள்ளை மெதுவாக அடுத்த பாத்திரத்துக்குத் தள்ளினால் மணல் அடியில் தங்கும். தண்ணீரில் ஊற விடக் கூடாது. ஐந்து நிமிடத்துக்குள் எடுத்து, மூங்கில் கூடையில் வடிய விட்டு, நேராக வெயிலுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். வானம் மூட்டமாக இருந்தால் அன்று எள்ளைக் கழுவவே கழுவாதீர்கள். கழுவிய எள் சாயங்காலம் வரை ஈரமாகக் கிடந்தால் இரவே சூடேறிவிடும். குவியலுக்குள் கையை விட்டால் வெதுவெதுவென்று இருக்கும். அதன் பிறகு என்ன செய்தாலும் வாடை போகாது.

காயவைப்பது

எனக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்த பெரியவர் முப்பது வருடம் செக்கு ஓட்டியவர். ஈரமானி எல்லாம் அவரிடம் இல்லை. காய்ந்த எள்ளில் இரண்டு கையையும் விட்டு அள்ளி, முழங்கால் உயரத்திலிருந்து தட்டில் விடுவார். "கண்ணு, எள்ளக் கண்ணால பாக்காத, காதால கேளு" என்பார். நன்றாகக் காய்ந்த எள் தகரத்தில் மழைத்தூறல் விழுகிற மாதிரி கணீரென்று சலசலக்கும். ஈரமுள்ள எள் பொத்பொத்தென்று விழும். முதல் நாள் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. பத்தாவது நாள் எனக்கே வித்தியாசம் தெரிந்துவிட்டது.

எள் செக்கில் ஏறும்போது அதன் ஈரம் ஆறேழு சதவீதம் இருக்க வேண்டும். காது பழகும்வரை எண்ணால் பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. சரியாக 100 கிராம் எள்ளை எடை போட்டு, வீட்டு ஓவனில் 105 டிகிரியில் வைத்து, மணிக்கொரு தடவை ஆறவிட்டு எடை பாருங்கள். எடை மேற்கொண்டு குறையாத இடத்தில் நிறுத்துங்கள். எத்தனை கிராம் குறைந்ததோ அத்தனை சதவீதம் ஈரம். கிராம் கணக்குக் காட்டும் சின்னத் தராசு இருந்தாலே இது நடக்கும்.

சித்திரை, வைகாசியில் சேலத்து வெயிலுக்கு ஒன்றரை நாள் போதும். வெள்ளை வேட்டியோ பருத்தித் துணியோ விரித்து, விரல் கணுவளவு கனத்துக்குமேல் இல்லாமல் பரப்பி, அரைமணிக்கு ஒருதரம் காலால் இல்லாமல் கட்டையால் கோடு போட்டுக் கிளறிவிடுங்கள். தார் ரோட்டில் காயப்போடும் வழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. வேண்டாம். வெயிலில் இளகிய தாரும் வண்டிப் புகையும் எண்ணெய்ப் பசையுள்ள விதையில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். மொட்டைமாடி இல்லாதவர்கள் களத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காய்ந்ததும் சூட்டோடு மூட்டை கட்டாதீர்கள். நிழலில் ஆறவிட்டுக் கட்டினால்தான் உள்ளே வேர்க்காது.

ஏற்காட்டுக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் என் சித்தி மகள் ஒரு வீட்டு உபயோக எண்ணெய் மெஷின் வாங்கினாள். ஓர் ஐப்பசியில், இங்கே நன்றாகக் காய்ந்த பதினைந்து கிலோ எள்ளைச் சணல் சாக்கில் கட்டி அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி அவள் வீட்டில் இறக்கினேன். வேலை காரணமாக ஐந்து நாள் அது பின்கட்டில், சிமெண்டுத் தரையில், சுவரோரம் இருந்தது. ஐந்து நாளும் பனிமூட்டம். ஆறாம் நாள் மெஷினில் போட்டபோது புண்ணாக்கு சீவலாக வராமல் களி மாதிரி பிதுங்கியது. எண்ணெய் சுண்ணாம்புத் தண்ணீர் போலக் கலங்கி வந்தது. பத்து நாள் வைத்தும் தெளியவில்லை. மூன்றாவது வாரம் மூடியைத் திறந்தபோது சிக்கு வாடை. எள்ளில் குறை இல்லை, மெஷினிலும் குறை இல்லை. காய்ந்த விதை சும்மா இருக்காது, சுற்றியிருக்கும் காற்றில் எவ்வளவு ஈரம் உண்டோ அதற்கேற்றபடி இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த ஈரத்தில் விதைக்குள் இருக்கும் லிபேஸ் என்ற நொதி வேலை செய்யத் தொடங்கி, கொழுப்பைத் துண்டாக்கி அமிலமாக்கிவிடும். மலையில் ஆட்ட நினைப்பவர்கள் கீழேயே காயவைத்து, காற்றுப் புகாத டிரம்மில் அடைத்து, மேலே ஏறிய மறுநாளே ஆட்டிவிடுங்கள். நாங்கள் இப்போது அதையும் விட்டுவிட்டோம். இங்கேயே ஆட்டி எண்ணெயாக ஏற்றுகிறோம்.

ஆட்டுவது

மரச்செக்கு என்றால் வாகை மரத்து உரலும் உலக்கையும். மாடு கட்டிய காலத்தில் நிமிடத்துக்கு இரண்டு மூன்று சுற்று. மோட்டார் செக்கு பத்துப் பதினான்கு சுற்று சுற்றும். இந்த வேகத்தில் எண்ணெயின் சூடு ஐம்பது டிகிரியைச் சுற்றியே நிற்கும். விதையைத் திருகால் நெருக்கிப் பிழியும் பெரிய எக்ஸ்பெல்லர் மெஷின்களில் அது நூறைத் தாண்டும். வீட்டு மெஷினும் சின்ன எக்ஸ்பெல்லர்தான். அதிலும் குழல் நன்றாகச் சூடாகும். அதனால் அது மோசம் என்று அர்த்தமில்லை. விதையை நிதானமாகப் போட்டு, அரைமணிக்கு ஒருதரம் ஓய்வு கொடுத்து ஓட்டினால் வீட்டுத் தேவைக்கு நல்ல எண்ணெயே கிடைக்கும். செக்கு மட்டும்தான் உயர்வு என்று நான் சொல்ல மாட்டேன். காறிய விதையைச் செக்கில் ஆட்டியதைவிட, நல்ல விதையை மெஷினில் பிழிந்தது மேல்.

செக்கில் எள்ளைக் கொட்டி ஓட விட்டதும் முதல் பத்து நிமிடம் அது வெறுமனே நொறுங்கும். பொடி வறண்டு, உலக்கையைச் சுற்றி மணல் மாதிரி ஓடும். இப்போதுதான் கருப்பட்டி. பதினைந்து கிலோவுக்கு முக்கால் கிலோ கருப்பட்டியைத் தட்டிப்போட்டு, தண்ணீரைக் கையில் அள்ளித் தெளிக்க வேண்டும். மொத்தமாகக் கால் லிட்டரில் தொடங்குங்கள், அதையும் நாலைந்து தடவையாகத் தெளியுங்கள். இந்த இடத்தில் கண்ணை எடுக்கக் கூடாது. பொடி மெல்ல மெல்ல நிறம் கறுத்து, மாவு பிசைந்த பதத்துக்கு வந்து, உரலின் பக்கங்களில் அப்பத் தொடங்கும். பிறகு உலக்கை அழுத்திப் போகும் தடத்தின் பின்னாலேயே ஒரு மினுமினுப்பு ஓடும். அடுத்த சுற்றில் அது கோடாகும், அதற்கடுத்து ஓரத்தில் சின்னக் குளமாகத் தேங்கும். எத்தனை வருடம் ஆட்டினாலும் அந்த முதல் மினுமினுப்பைப் பார்க்க நான் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பேன்.

கருப்பட்டி போடுவது எண்ணெய்க்கு இனிப்பு சேர்க்க என்று பலர் நினைக்கிறார்கள். சர்க்கரை எண்ணெயில் கரையாது. கருப்பட்டியின் பசையும் தண்ணீரும் சேர்ந்து பொடியைக் கட்டிப்பிடித்துப் புண்ணாக்காக்குகின்றன, எண்ணெய் பிரிந்து வெளியே வருகிறது. கருப்பட்டி புண்ணாக்கோடு போய்விடும். தண்ணீர் குறைந்தால் பொடி கட்டாது. கூடினால் எல்லாம் கூழாகி எண்ணெய் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கூழாகிவிட்டால் பதறித் தண்ணீரோ கருப்பட்டியோ மேலும் போடாதீர்கள். ஒரு படி காய்ந்த எள்ளைப் போட்டு ஓட விட்டால் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும்.

ஓடும் செக்கில் கை வைக்காதீர்கள். பக்கத்தில் அப்பியதைத் தள்ளிவிட நீளமான கோல் உண்டு. கையால் செய்ய வேண்டியிருந்தால் மோட்டாரை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள். துப்பட்டா, தொங்கும் முந்தானை, அவிழ்ந்த முடி எதுவும் செக்குப் பக்கம் கூடாது. குழந்தைகளை உள்ளேயே விடாதீர்கள்.

முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். புண்ணாக்கின் மேல்பளபளப்பு போய் மங்கினால் நிறுத்துங்கள். புண்ணாக்கில் இன்னும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய் இருக்கத்தான் செய்யும். அந்தக் கடைசிக் கரண்டிக்காக மேலும் இருபது நிமிடம் ஓட்டினால் சூடு ஏறும், பொடி கூடும், தெளிய இரண்டு நாள் அதிகமாகும். அது மாட்டுக்குப் போகட்டும்.

கணக்கு எளிது. ஒரு லிட்டருக்கு இரண்டரைக் கிலோ எள். பதினைந்து கிலோவுக்கு ஆறு லிட்டர், நல்ல எள்ளாக இருந்தால் ஆறரை. எள்ளின் அன்றைய விலையை இரண்டரையால் பெருக்கி, கருப்பட்டியும் கூலியும் கூட்டி, புண்ணாக்கு விற்ற காசைக் கழித்தால் ஒரு லிட்டரின் அடக்கம். அந்த அடக்கத்துக்கும் கீழே யாராவது செக்கெண்ணெய் விற்றால் அதில் எள் மட்டும் இருக்க வாய்ப்பில்லை.

தெளிய வைப்பது

செக்கிலிருந்து வந்த எண்ணெய் கலங்கலாக இருக்கும். அதில் விதைத்தூள் இருக்கிறது, கொஞ்சம் ஈரம் இருக்கிறது, பாஸ்ஃபோலிப்பிட் என்ற பசைப்பொருளும் இருக்கிறது. மூன்றும் அடியில் இறங்க வேண்டும். வெயிலில் வைத்தால் சீக்கிரம் இறங்கும் என்பது நம் பெரியவர்கள் கண்டது, அது சரியும்கூட. சூட்டில் எண்ணெய் இளகும், கசடு கீழே போகும், ஈரம் ஆவியாகும்.

ஆனால் எண்ணெய்க்கு வெயிலின் சூடு வேண்டும், வெளிச்சம் வேண்டாம். விதையிலிருந்து வந்த துளிப் பச்சையம் வெளிச்சத்தை வாங்கி, காற்றிலிருக்கும் ஆக்சிஜனை முடுக்கிவிடும். அதைச் சமாளிப்பதிலேயே எண்ணெயின் ஆன்டிஆக்சிடென்ட்கள் தீர்ந்துபோகும். கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வெள்ளைத்துணி கட்டி மாடியில் வைப்பதைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். பார்க்க அழகுதான், ஆனாலும் செய்யாதீர்கள். எவர்சில்வர் தூக்கிலோ டிரம்மிலோ ஊற்றி, வாயில் துணி கட்டி, அதன்மேல் வெளிச்சம் விழாதபடி தட்டைச் சற்றுத் தூக்கலாக மூடி வெயிலில் வையுங்கள். பித்தளை, செம்புப் பாத்திரம் எதற்காகவும் கூடாது. இம்மியளவு செம்பு எண்ணெயில் கரைந்தாலும் காறுவது பல மடங்கு வேகமாகும். உருக்காலை இருக்கும் ஊர் இது, எவர்சில்வருக்கா பஞ்சம்?

இரண்டு பகல் இப்படி வைத்து, பிறகு வீட்டுக்குள் அசையாமல் மூன்று நாள் வைத்து, மேலாக இறுத்து எடுங்கள். நாலாக மடித்த காடாத்துணியில் ஒருதரம் வடிகட்டினால் போதும். அடிக்கசடு விளக்குக்கு ஆகும்.

ஈரம் போய்விட்டதா என்று பார்க்க, வாணலியில் ஒரு கரண்டி எண்ணெயை மட்டும் ஊற்றிச் சூடாக்குங்கள். சத்தமில்லாமல் இளகி ஓடினால் சரி. படபடவென்று தெறித்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது, இன்னொரு பகல் வெயில் வேண்டும்.

அடைத்து வைப்பது

இதுவரை எல்லாம் ஒழுங்காகச் செய்தவர்கள் கடைசிப் படியில் தவறுவதை நிறையப் பார்த்துவிட்டேன். பாட்டிலைக் கழுவி அன்றைக்கே ஊற்றுவதுதான் தவறு. கழுத்தின் உள்வளைவில் ஒரு சொட்டு நின்றிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. முந்தின நாளே கழுவி, வெயிலில் கவிழ்த்து, மறுநாள் காலை உள்ளே வெள்ளைத்துணி விட்டுத் துடைத்துப் பாருங்கள். அடர்பழுப்புக் கண்ணாடி நல்லது, எவர்சில்வர் அதைவிட நல்லது. கழுத்துவரை நிரப்புங்கள். பாதி காலியான ஐந்து லிட்டர் கேனைவிட, நிறைந்த ஐந்து ஒரு லிட்டர் பாட்டில்கள் நீண்ட நாள் நிற்கும், ஏனென்றால் உள்ளே காற்றுக்கு இடமில்லை. ஆட்டிய தேதியை ஒட்டுங்கள். அடுப்பு மேடையில் வைக்காதீர்கள்.

மிச்சமிருக்கும் பழைய எண்ணெயின் மேலேயே புதுசை ஊற்றக் கூடாது என்று அம்மாக்கள் சொல்வதற்கும் காரணம் உண்டு. எண்ணெய் காறுவது தீப்பற்றுவது போன்றது. கெட்ட ஒரு மூலக்கூறு அடுத்ததைக் கெடுக்கும், அது அதற்கடுத்ததை. பழைய எண்ணெயில் அந்தப் பொறி ஏற்கெனவே இருக்கிறது.

விற்கப் போகிறீர்கள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு கட்டாயம். சமையல் எண்ணெயை உதிரியாக அளந்து விற்கச் சட்டத்தில் இடமில்லை. அடைத்து, லேபிள் ஒட்டித்தான் விற்க வேண்டும். சேலத்திலேயே அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. பயிர் பற்றிய சந்தேகங்களுக்குச் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போகலாம்.

மற்ற விதைகள்

எள் கைக்கு வந்த பிறகு நிலக்கடலைக்குப் போங்கள். அதில் பூஞ்சைதான் பயம். பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்த பருப்பில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். 1960இல் இங்கிலாந்தில் கடலைப் புண்ணாக்குத் தின்ற வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் செத்தபோதுதான் இது உலகத்துக்கே தெரிந்தது. கெட்ட பருப்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறியுங்கள், சூட்டில் போய்விடும் என்று விட்டுவிடாதீர்கள்.

முருங்கை விதை எண்ணெயில் ஒலிக் அமிலம் எழுபது சதவீதத்தைச் சுற்றி இருப்பதால் அது லேசில் காறாது. விதை விலைதான் கையைக் கடிக்கும். ஆளி விதையும், பேயெள்ளு என்கிற உச்செள்ளும் இதற்கு நேர் எதிர். இரண்டும் சீக்கிரம் காறும். ஆளி விதை எண்ணெயைச் சின்னப் பாட்டிலில் ஃபிரிட்ஜில் வைத்து, தாளிக்காமல், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். கடுகு ஆட்டுவதானால் பிரம்மதண்டு விதை கலந்திருக்கிறதா என்று பாருங்கள். கடுகு போலவே இருக்கும், விஷம். 1998இல் டெல்லியில் அந்தக் கலப்படத்தால் அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள்.

கொட்டமுத்து எனும் ஆமணக்குக்கு ஏத்தாப்பூரில் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, நம் மாவட்டத்துப் பயிர்தான். ஆனாலும் சமையல் எண்ணெய் ஆட்டும் செக்கில் அதைப் போடவே கூடாது. அதன் புண்ணாக்கில் ரிசின் என்ற கொடிய நஞ்சு தங்கும். வயலுக்கு உரமாகலாம், மாட்டுக்குத் தரக் கூடாது. வேம்பு, புங்கன் இவற்றுக்கும் தனிச் செக்கு வேண்டும். உரல் மரம், எண்ணெய் அதன் துளைகளில் ஊறி நிற்கும், சோப்புப் போட்டுக் கழுவ முடியாது. விதை மாற்றும்போதும், பத்து நாள் ஓடாமல் கிடந்து மறுபடி ஓட்டும்போதும், நன்றாகச் சுரண்டிவிட்டு ஒரு கிலோ விதையை மட்டும் ஆட்டி அந்த எண்ணெயை ஒதுக்கிவிடுங்கள்.

மாங்கொட்டைப் பருப்பையும் ஏற்காட்டுக் காபிக் கொட்டையையும் ஆட்டலாமா என்று கேட்கிறார்கள். இரண்டிலும் எண்ணெய் உண்டு, ஆனால் பத்துப் பதினைந்து சதவீதத்துக்குள்தான். அவ்வளவு குறைந்தால் பிழிந்து எடுக்க முடியாது, கரைப்பான் ஊற்றித்தான் பிரிக்க வேண்டும். அது வீட்டிலோ சின்னச் செக்கிலோ செய்கிற வேலை இல்லை, தீப்பிடிக்கும்.

ஒவ்வொரு ஆட்டிலும் நூறு மில்லி எடுத்து, சின்னப் பாட்டிலில் அடைத்து, எள் யாரிடம் வாங்கியது, எத்தனை நாள் காய்ந்தது, எவ்வளவு தண்ணீர் தெளித்தது என்று எழுதி அலமாரியில் வையுங்கள். ஒரு மாதம் கழித்துத் திறந்து, உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, கைகளைச் சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். மூன்றாம் மாதம் ஒருதரம், ஆறாம் மாதம் ஒருதரம். எள் வாசம் மட்டும் வந்தால் அந்தச் சீட்டில் எழுதியிருப்பதையே அடுத்த முறையும் செய்யுங்கள். மெழுகு வாடையோ பழைய பெயின்ட் வாடையோ அடித்தால் முதலில் காய்ந்த நாளையும், அடுத்துப் பாட்டிலையும் பாருங்கள். செக்கைக் கடைசியாகப் பார்க்கலாம்.